குளிர்காலம் இல்லாத ஊரில் திராட்சை

திராட்சைக் கொடி இலையை உதிர்த்து உறங்கும் இனம். குளிர்காலம் முழுவதும் அதன் கண்கள் மூடிக் கிடக்கும். போதிய குளிரைக் கண்ட பிறகுதான் அவை ஒருசேர முளைத்துப் பூங்கொத்து விடும். கலிபோர்னியா, சிலி, தெற்கு இத்தாலி போன்ற பழைய திராட்சைப் பகுதிகள் இந்த இயல்பை நம்பியே வளர்ந்தவை. குளிர் போதாவிட்டால் கண்கள் ஆளுக்கொரு நாளில் முளைக்கும், சில முளைக்காமலே போகும். அறுவடையும் ஒரே சீராக அமையாது.

வெப்பநாட்டில் கொடிக்கு உறக்கமே இல்லை. கண்களை முளைக்க வைக்கும் வேலையைக் கத்திரிக்கோல் செய்கிறது. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் இது பழகிய கலை. கவாத்து செய்த நாளிலிருந்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம் பறிக்கலாம் என்பதால் பன்னீர் திராட்சையில் இரண்டு ஆண்டுக்கு ஐந்து அறுவடை வரை எடுக்கிறார்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பழம், குளிரே தேவையில்லை என்பதற்கு நல்ல சான்று.

இதே வழியை ஏற்றுமதித் தொழிலாகப் பெருக்கிய நாடு பெரு. அதன் வடக்கிலுள்ள பியூரா, நிலநடுக்கோட்டிலிருந்து தெற்கே ஐந்து பாகை தூரந்தான். அங்கே கவாத்து முடிந்ததும் ஹைட்ரஜன் சயனமைடு பூசிக் கண்களை ஒரே சமயத்தில் முளைக்க வைக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் தன் தோட்டங்களில் அனுமதிக்காத நச்சு மருந்து இது. பூசும் கூலியாளின் உடல்நலத்தை யாரும் மறந்துவிடக்கூடாது. கலிபோர்னியாவில் அறுவடை ஓய்ந்து சிலிப் பழம் வந்து சேராத இடைவெளியில் பியூராப் பழம் அமெரிக்கச் சந்தைக்குப் போகிறது. சிலியின் வடக்கிலோ 2010 முதல் நீண்ட வறட்சியால் பல தோட்டங்கள் காய்ந்தன. உலகின் முன்னணித் திராட்சை ஏற்றுமதி நாடுகளின் வரிசையில் பெரு ஏறியதற்கு இந்த இரண்டும் துணை நின்றன.

ரகமும் மாறியது. விதையுள்ள ரெட் குளோப் போன தலைமுறையின் ராஜா. இன்று பச்சை நிற, விதையில்லாத ஸ்வீட் குளோப், ஆட்டம் கிரிஸ்ப் போன்ற காப்புரிமை ரகங்கள் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன. சந்தையின் விருப்பம் ஒரு காரணம். வெப்பமும் இதற்குத் துணை போகிறது. இரவு சூடாக இருந்தால் சிவப்பு ரகத்தின் தோலில் நிறமி சரியாகச் சேராமல் பழம் வெளிறிப்போகும். பச்சை ரகத்துக்கு அந்தக் கவலை இல்லை.

பெருவின் கடற்கரை பாலைவனமாக இருப்பதே தோட்டக்காரருக்கு வரம். பழுக்கும் காலத்தில் மழை பெய்தால் பழம் வெடிக்கும், அடிச்சாம்பல் நோய் பரவும். குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டம் அந்தக் கரையை வறட்சியாகவும் வெயிலின் கடுமை குறைந்தும் வைத்திருக்கிறது. எல் நினோ ஆண்டுகளில் கடல் சூடேறி இந்த ஏற்பாடு குலைந்துவிடும். 2023 மார்ச்சில் யாக்கு புயல் வடக்கு பெருவை வெள்ளக்காடாக்கியது. அடுத்து வந்த மாதங்களின் மிகை வெப்பத்தில் கண்கள் சீராக முளைக்காமல், அந்தப் பருவத்தின் ஏற்றுமதி சரிந்தது. அதிகம் அடிபட்டது பியூராதான். குளிர் வேண்டாம் என்று தேர்ந்த இடத்தையும் அளவு மீறிய வெப்பம் விட்டுவைக்கவில்லை.

பெருவின் தெற்கிலுள்ள இன்னொரு திராட்சைப் பகுதியான இக்காவில் சிக்கல் தண்ணீர். 1990களில் தண்ணீர்விட்டான் வகையைச் சேர்ந்த அஸ்பராகஸ் பயிருக்காகத் தொடங்கிய நிலத்தடி நீர் உறிஞ்சலைத் திராட்சையும் தொடர்கிறது. பெரிய நிறுவனங்கள் கிணற்றை மேலும் ஆழமாக்குகின்றன. சிறு விவசாயிகளின் கிணறுகள் வற்றுகின்றன. ஆண்டிஸ் மலையில் உவான்காவெலிக்கா பகுதியின் சோக்லோகோச்சா ஏரி நீர் கால்வாய் வழியே இக்காவுக்கு இறங்குகிறது. மேலே அல்பாக்கா மேய்க்கும் மக்கள், தங்கள் மேய்ச்சல் ஈரநிலம் காய்ந்துபோவதாக முறையிடுகிறார்கள்.