கொடி மாறினாலும் பிடி மாறாது
மொன்றியலில் நடந்த கிரேக்க - ரோம மல்யுத்தமும் எமது பிள்ளைகளும்

புரோசார்ட்டிலும் அதைச் சுற்றிய தென்கரை ஊர்களிலும் வந்து குடியேறியிருக்கும் எம்மவர்களுக்கு மொன்றியல் ஒலிம்பிக் பூங்கா புதிய இடமல்ல. ஊரிலிருந்து யாராவது வந்தால் அங்கேதான் கூட்டிச் செல்கிறோம். சாய்ந்த கோபுரத்தின் முன் நின்று படம் எடுக்கிறோம். 1976இல் சைக்கிள் ஓட்டப் போட்டி நடந்து, 1992இல் பயோடோம் ஆகிவிட்ட மண்டபத்துக்குள் பென்குயின் பார்க்கிறோம். ஆனால் வியோ மெற்றோ நிலையத்தை அண்டி நிற்கும் மொறிஸ் றிசார் அரங்கையும் பியர் சார்பொனோ நிலையத்தையும் நாம் திரும்பிப் பார்ப்பதில்லை. 1976ஆம் ஆண்டு யூலையில் உலகின் மிகச் சிறந்த மல்லர்கள் மோதிய இடங்கள் அவை. அந்த மோதலில் எங்களைப் போன்றவர்கள் யோசிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு.

இது என்ன மல்யுத்தம்?

பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்க்கும், கதிரையால் அடித்துக் கயிற்றில் ஏறிக் குதிக்கும் மல்யுத்தம் வேறு. அது நாடகம். ஒலிம்பிக்கில் நடப்பது உண்மையான பலப்பரீட்சை. அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று சுயபாணி. அதில் எதிராளியின் காலைப் பிடிக்கலாம், காலால் தடுக்கலாம். மற்றையது கிரேக்க - ரோமபாணி. இதில் இடுப்புக்குக் கீழே கை போகக் கூடாது, காலை ஆயுதமாக்கவும் கூடாது. மார்பும் தோளும் கையும் மட்டுமே. எதிராளியின் இரண்டு தோள்களையும் மெத்தையில் அழுத்தினால் வெற்றி. அது முடியாவிட்டால் புள்ளிக் கணக்கு.

புறநானூற்றிலே சாத்தந்தையார் என்ற புலவர், சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்றதைப் பாடியிருக்கிறார். அரசன் ஒரு காலை மல்லனின் மார்பில் ஊன்றி, மறு காலால் அவனுடைய தந்திரங்களைத் தடுத்தானாம். கிரேக்க - ரோமபாணியாக இருந்தால் நடுவர் விசில் ஊதிச் சோழனையே நிறுத்தியிருப்பார்!

பெயரைப் பார்த்து இது பழைய கிரேக்கத்திலிருந்து அப்படியே வந்ததென்று நினைக்க வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் பிரான்சில் உருவானது இது. நெப்போலியனின் படையில் இருந்த எக்ஸ்பிறாயா என்பவர்தான் இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது என்ற விதியை வைத்தார் என்பார்கள். 'கிரேக்க - ரோம' என்ற பெயர் பின்னர் ஒட்டிக்கொண்டது. அதனால்தான் மெத்தையில் கவிழ்ந்திருக்கும் நிலைக்கு இன்றும் 'பார் தேர்' என்ற பிரெஞ்சுச் சொல்லே உலகமெங்கும் வழங்குகிறது. கியூபெக் பாடசாலையில் படிக்கும் எமது பிள்ளைகளுக்கு அதன் பொருள் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

தொழிற்சாலையில் பெட்டி தூக்குகிற எங்களுக்குப் பாரம் என்றால் என்னவென்று தெரியும். பெட்டி எதிர்த்துத் திமிறாது. தன் எடையே உள்ள ஒரு மனிதன் நிலத்தோடு ஒட்டிக் கிடந்து திமிற, அவனை இடுப்போடு கட்டித் தூக்கித் தலைக்கு மேலால் பின்னுக்கு எறிவதை நினைத்துப் பாருங்கள். இந்த விளையாட்டின் அழகும் பயங்கரமும் அதுதான்.

மொன்றியலில் நடந்தது

1976 யூலை 20 முதல் 24 வரை கிரேக்க - ரோமபாணிப் போட்டிகள் நடந்தன. 48 கிலோவிலிருந்து 100 கிலோவுக்கு மேற்பட்டவர் வரை பத்து எடைப் பிரிவுகள். ஒரு போட்டி மூன்று நிமிடம் கொண்ட மூன்று சுற்று. இன்று அது இரண்டு சுற்றாகக் குறைந்துவிட்டது. அப்போது தோற்றவருக்குத் தண்டப் புள்ளி கொடுக்கும் முறை இருந்தது. தண்டப் புள்ளி ஆறு சேர்ந்தால் வெளியே. ஒரு தோல்வியோடு எவரும் வீட்டுக்குப் போகவில்லை. மறுபடி எழும்பி வர இடம் இருந்தது.

சோவியத் ஒன்றியம் பத்துப் பிரிவிலும் பதக்கம் பெற்றது. ஏழு தங்கம், இரண்டு வெள்ளி, ஒரு வெண்கலம். 90 கிலோவில் றெசான்ற்செவ் 1972இல் பெற்ற தங்கத்தை இங்கே மீண்டும் பெற்றார். மிகப் பாரமான பிரிவில் கீவ் நகரத்துக் கொல்சின்ஸ்கி வென்றார். அவரிடம் தங்கத்தை இழந்த பல்கேரியரான தொமோவ், 1972, 1976, 1980 என மூன்று ஒலிம்பிக்கிலும் வெள்ளிதான் பெற்றார். மற்றைய மூன்று தங்கங்கள் பின்லாந்தின் உக்கோலாவுக்கும், போலந்தின் லிப்பியனுக்கும், யூகோஸ்லாவியாவின் பெற்கோவிச்சுக்கும் போயின. கனடாவுக்குப் பதக்கம் கிடைக்கவில்லை. ஆனாலும் மொன்றியலில் பிறந்த ஹவாட் ஸ்ரப் 62 கிலோப் பிரிவில் சொந்த ஊரில் மோதினார். அவர் பின்னாளில் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் சட்டப் பிரிவுக்குத் தலைவரானார்.

எங்கே அந்தக் கொடிகள்?

அந்தப் பதக்கப் பட்டியலை இன்று எடுத்துப் பாருங்கள். பத்துத் தங்கத்தில் எட்டு, சோவியத் ஒன்றியமும் யூகோஸ்லாவியாவும் பெற்றவை. இரண்டு நாடுகளும் இன்று இல்லை. வெள்ளி பெற்ற மாக்காவின் செக்கோஸ்லோவாக்கியா இல்லை. வெண்கலம் பெற்ற வேலிங்கின் கிழக்கு ஜேர்மனியும் இல்லை. மொத்தம் 30 பதக்கங்களில் 14, கம்பத்திலிருந்து இறங்கிவிட்ட கொடிகளுக்குக் கிடைத்தவை. சோவியத் கொடியின் கீழ் 68 கிலோவில் தங்கம் வென்ற நல்பந்தியான் ஓர் ஆர்மீனியர். கொல்சின்ஸ்கியின் கீவ் இன்று உக்ரெயினின் தலைநகர்.

இது முன்னரும் நடந்ததுதான். 1912இல் ஸ்ரொக்ஹோம் ஒலிம்பிக்கில் மார்ட்டின் கிளைன் என்ற எஸ்தோனியரும் அசிக்கைனன் என்ற பின்லாந்துக்காரரும் 11 மணி 40 நிமிடம் மோதினார்கள். கிளைன் வென்றார். ஆனால் களைப்பினால் இறுதிப் போட்டிக்கு இறங்க முடியவில்லை. இருவரும் ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்குட்பட்ட மண்ணில் பிறந்தவர்கள். அடுத்த ஆறு ஆண்டுகளுக்குள் பின்லாந்தும் எஸ்தோனியாவும் தனிநாடாகின. இன்று கிளைனை எஸ்தோனியர் தம்மவர் என்றே கொண்டாடுகிறார்கள்.

1976இல் மொன்றியலுக்கு வந்த அணிகளில் இலங்கை இல்லை. தென்னாபிரிக்காவின் நிறவெறி ஆட்சியோடு நியூசிலாந்து றக்பி ஆடியதைக் கண்டித்து இருபதுக்கு மேற்பட்ட நாடுகள், பெரும்பாலும் ஆபிரிக்க நாடுகள், விலகின. 'சீனக் குடியரசு' என்ற பெயரில் பங்குபற்றக் கனடா அனுமதிக்காததால் தாய்வான் திரும்பிப் போனது. எந்தப் பெயரில், எந்தக் கொடியின் கீழ் நிற்பது என்ற கேள்வி எங்களுக்கு மட்டும் உரியதல்ல. அந்த ஆண்டு மே மாதத்தில்தான் ஊரில் வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறியது என்பதையும் எங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தமிழர் எவரும் மொன்றியலுக்கு வராமலும் இல்லை. இந்திய ஹொக்கி அணியில் வாசுதேவன் பாஸ்கரன் இங்கு ஆடினார். 1980இல் மொஸ்கோவில் தங்கம் வென்ற அணிக்கு அவரே தலைவர்.

அகதிகள் ஏறிய மெத்தை

அகதியாக வந்தவனுக்கு விளையாட்டு எதற்கு என்று கேட்பவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். கனடாவின் மல்யுத்தச் சரித்திரம் அவர்களுக்குப் பதில் சொல்லும். ஒலிம்பிக் மல்யுத்தத்தில் இந்நாடு இதுவரை பெற்றது மூன்று தங்கம். மூன்றும் சுயபாணியில். முதலாவதைச் சிட்னியில் 2000இல் வென்றவர் டானியல் இகாலி. 1994இல் விக்ரோறியாவில் நடந்த பொதுநலவாய விளையாட்டுக்கு நைஜீரிய அணியுடன் வந்து, இங்கேயே தங்கி அகதி அந்தஸ்துக் கோரியவர். வென்றதும் கனடியக் கொடியை மெத்தையில் விரித்து, அதைச் சுற்றி ஓடி, குனிந்து முத்தமிட்டார். இரண்டாவது தங்கம் 2008இல் பெய்ஜிங்கில் கரோல் ஹுயின் பெற்றது. அவருடைய பெற்றோர் வியட்நாமிலிருந்து அகதிகளாக வந்தவர்கள். மூன்றில் இரண்டு அகதிக் குடும்பத்துத் தங்கம்! மொன்றியலில் பயிற்சி பெற்ற, ஜோர்ஜியாவில் பிறந்த கிவி சிசாவுரியும் 1996இல் அற்லாண்டாவில் கனடாவுக்கு வெள்ளி வாங்கித் தந்தார்.

கொடியே இல்லாதவருக்கும் இப்போது இடம் உண்டு. 2016 முதல் ஒலிம்பிக்கில் அகதிகள் அணி பங்குபற்றுகிறது. 2021இல் நடந்த ரோக்கியோ ஒலிம்பிக்கில் அந்த அணிக்காகக் கிரேக்க - ரோமபாணியில் இறங்கியவர் அக்கர் அல் ஒபைடி. ஈராக்கின் மொசூலிலிருந்து 14 வயதில் தப்பியோடி ஒஸ்ரியாவில் சேர்ந்தவர். 2024இல் பாரிசில், ஈரானில் பிறந்து பிரான்சில் வாழும் ஜமால் வலிசாதே அதே பாணியில் அதே அணிக்காக மோதினார்.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

ஐஸ் ஹொக்கிக்குப் பிள்ளையை அனுப்பினால் உடுப்புக்கும் கவசத்துக்குமே சம்பளம் போய்விடும். மல்யுத்தத்துக்குச் சப்பாத்தும் ஓர் உடுப்பும் போதும். எடைப் பிரிவு இருப்பதால் சிறிய உடம்புக்காரப் பிள்ளையைப் பெரியவனோடு மோதவிட மாட்டார்கள். கனடாவில் பிள்ளைகள் பெரும்பாலும் பழகுவது சுயபாணியே. பெண் பிள்ளைகளுக்கும் அதில் இடமுண்டு. 2004 முதல் அது ஒலிம்பிக்கிலும் இருக்கிறது. கிரேக்க - ரோமபாணி ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு மட்டுமே. பாடசாலையிலும் நகரசபையிலும் 'லூத்' என்று கேட்டால் மல்யுத்தம் என்று விளங்கிக்கொள்வார்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: எடை குறைக்கவென்று வளரும் பிள்ளையைப் பட்டினி போட எவரையும் அனுமதிக்காதீர்கள்.

படிப்பை விட்டுவிட்டு விளையாடச் சொல்லவில்லை. பிறந்த மண்ணை மறக்கவும் சொல்லவில்லை. பிள்ளைகள் எந்தக் கொடியின் கீழ் நிற்பார்கள் என்பதை நாங்கள் இன்று தீர்மானிக்க முடியாது. விழுந்தால் எழும்பவும், கை கொடுத்து விலகவும் அவர்களுக்குப் பழக்கிவிட முடியும். நாடுகள் வரைபடத்திலிருந்து போகலாம். உடம்பில் ஊறிய பயிற்சியை எந்த எல்லைச் சாவடியிலும் பறிக்க முடியாது.