வன்னியின் ஆறு பேரை அளக்க எந்தத் தாளைக் கேட்பது?

வரவு செலவுத் திட்ட விவாதம் முடிந்ததும், தேர்தல் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும், வன்னியின் கைபேசிகளில் ஒரு படம் சுற்றத் தொடங்கிவிடும். ஒருவரின் முகம், பக்கத்தில் "அதிகம் பேசியவர், முதலிடம்" என்ற எழுத்து. எந்த ஆண்டு, எத்தனை அமர்வு, யார் எண்ணினார்கள் என்று எதுவும் இருக்காது. ஓமந்தைச் சந்தியில் ஒரு பகுதி அதை நம்பி வாதாடும். இன்னொரு பகுதி "எல்லாம் காசு குடுத்துப் போடுறது" என்று தள்ளிவிடும். இரண்டு பகுதியும் செய்வது ஒரே பிழைதான்: கையெட்டும் தூரத்தில் இருக்கிற பதிவேட்டை யாரும் பார்ப்பதில்லை.

நாடாளுமன்ற உறுப்பினரின் வேலையை எண்ணலாம். ஆனால் எதை எதால் வகுப்பது என்பது தெரிய வேண்டும், அதற்கான தாள் எந்த அலுவலகத்தில் கிடக்கிறது என்பதும் தெரிய வேண்டும். இந்த இரண்டிலும்தான் மக்கள் திரும்பத் திரும்பத் தடுக்கி விழுகிறார்கள்.

முதலில் யாரை அளப்பது என்பதே பலருக்குத் தெளிவில்லை. வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்றும் சேர்ந்தது. கிளிநொச்சி வன்னி நிலப்பரப்பில் இருந்தாலும் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடுதான் வாக்களிக்கிறது. 2024 நவம்பர் 14ஆம் திகதித் தேர்தலில் வன்னியில் இருந்து ஆறு பேர் போனார்கள். தேசிய மக்கள் சக்தியின் செல்வத்தம்பி திலகநாதன், ஆறுமுகம் ஜெகதீஸ்வரன். தமிழரசுக் கட்சியின் துரைராசா ரவிகரன். ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியின் செல்வம் அடைக்கலநாதன். ஐக்கிய மக்கள் சக்தியின் ரிஷாட் பதியுதீன். தொழிற்கட்சியின் காதர் மஸ்தான். ஓமந்தை வாக்காளர் ஒருவர் மூன்று விருப்பு வாக்கு வரை போடுகிறார். ஆகவே கட்சியை மட்டும் பார்த்து முடித்துவிட முடியாது. ஆளையும் பார்த்தாக வேண்டும்.

வாக்களிப்புப் பதிவில் இருந்து தொடங்கலாம். இங்கேதான் பெரிய ஏமாற்றம் காத்திருக்கிறது. நாடாளுமன்றத்தில் பெரும்பாலான தீர்மானங்கள் குரல் வாக்கெடுப்பில் போய்விடுகின்றன. "ஆம்" என்று ஒரு சத்தம், "இல்லை" என்று ஒரு சத்தம், சபாநாயகரின் அறிவிப்பு, அவ்வளவுதான். பெயர் எதுவும் ஏட்டில் ஏறாது. 2018 நவம்பர் 14ஆம் திகதி மகிந்த ராஜபக்சவுக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணை குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியதாகச் சபாநாயகர் கரு ஜெயசூரிய அறிவித்தார். மறு தரப்பு அதை ஏற்கவில்லை, நாடே வாரக்கணக்கில் தடுமாறியது. அத்தனை பெரிய விடயத்திலேயே நிலை அது என்றால், சாதாரணச் சட்டமூலம் ஒன்றில் உங்கள் உறுப்பினர் என்ன சொன்னார் என்று எப்படித் தெரியும்? யாராவது கேட்டு, பெயர் பதியும் வாக்கெடுப்பு நடந்தால் மட்டுமே தெரியும்.

இரகசிய வாக்கெடுப்பு இன்னும் மோசம். 2022 ஜூலை 20ஆம் திகதி நாடாளுமன்றம் சனாதிபதியைத் தெரிவு செய்தபோது ரணில் விக்கிரமசிங்கவுக்கு 134, டலஸ் அழகப்பெருமவுக்கு 82, அநுர குமார திசாநாயக்கவுக்கு 3 வாக்குகள் விழுந்தன. நான்கு செல்லாதவை. டலசை ஆதரிப்பதாகத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு அறிவித்திருந்தது. அதன் உறுப்பினர் ஒவ்வொருவரும் யாருக்குப் போட்டார் என்பதை எந்த ஆவணமும் சொல்லாது. சொல்பவர் ஊகத்தைத்தான் சொல்கிறார்.

பெயர் பதிந்த வாக்கெடுப்பு நடந்துவிட்டால் எண் உயிர் பெறுகிறது. 2020 ஒக்டோபர் 22ஆம் திகதி 20ஆவது திருத்தம் 156க்கு 65 என்று நிறைவேறியது. எதிர்த்தரப்பில் இருந்து எட்டுப் பேர் ஆதரவாகப் போனார்கள். முஸ்லிம் காங்கிரசின் தலைவர் ரவூப் ஹக்கீம் எதிராக வாக்களிக்க, அந்தக் கட்சியின் மற்ற நான்கு பேரும் ஆதரவாக வாக்களித்தார்கள். 1920களில் அமெரிக்கர் ஸ்டூவர்ட் ரைஸ் சொன்ன எளிய கணக்கு ஒன்று உண்டு: ஒரு கட்சியின் ஆதரவு வாக்குக்கும் எதிர் வாக்குக்கும் உள்ள வித்தியாசத்தை மொத்தத்தால் வகுப்பது. நான்கில் ஒன்றைக் கழித்து ஐந்தால் வகுத்தால் 0.6. கட்சி முழுதும் ஒன்றாக நின்றால் 1, சரிபாதியாய்ப் பிளந்தால் 0. அந்தக் கட்சியின் நசீர் அகமட் பிறகு கட்சி முடிவை மீறி 2022ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தை ஆதரித்தார். கட்சி அவரை நீக்கியது. 2023 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் அந்த நீக்கம் செல்லும் என்றது, ஆசனம் போயிற்று. கட்சி மாறி வாக்களிப்பதற்கு இந்த நாட்டில் கொடுக்க வேண்டிய விலை அது. ஆகவே ஒருவர் எப்போதும் கட்சியோடு வாக்களித்தார் என்ற எண்ணை வைத்து அவரது மனச்சாட்சியை அளக்க முடியாது. கட்சியின் கட்டுப்பாட்டைத்தான் அது காட்டும்.

எல்லோரும் ஒரே பக்கம் நின்ற வாக்கெடுப்பும் அப்படித்தான். வடக்கு மாகாண சபை 2015 பெப்ரவரி 10ஆம் திகதி இனப்படுகொலைத் தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றியது. வரலாற்றில் அதற்கு இடம் உண்டு. ஆனால் 38 உறுப்பினர்களில் யார் வேலை செய்தவர், யார் செய்யாதவர் என்று பிரித்துக் காட்ட அதனால் முடியாது.

பெயர் வாக்கெடுப்பில் கூர்ந்து பார்க்க வேண்டியது வராதவர்களை. 2025 மார்ச் 21ஆம் திகதி வரவு செலவுத் திட்டத்தின் மூன்றாம் மதிப்பீட்டுக்கு ஆதரவாக 159, எதிராக 45. கூட்டினால் 204. சபையோ 225 பேர். சபாநாயகரை விட்டுவிட்டு மீதிப் பேர் எங்கே போனார்கள் என்பதுதான் வாக்காளர் கேட்க வேண்டிய கேள்வி. பதில் அன்றைய ஹன்சாட்டில், அதாவது சபை நடவடிக்கைகளின் பதிவேட்டில், பெயர் பெயராக இருக்கிறது: வாக்களித்தோர் பட்டியலை எடுத்து உங்கள் ஆறு பெயரையும் தேடினால் போதும். ஒரு எச்சரிக்கை. ஆண்டில் பத்துப் பெயர் வாக்கெடுப்பு நடந்தால், ஒரு நாள் வராமைக்கே பத்து வீதம் விழும். அந்த நாளில் அவர் வைத்தியசாலையில் இருந்திருக்கலாம். நான்கைந்து வாக்கெடுப்பை வைத்து வீதம் போட்டுப் படம் அடிப்பது ஏமாற்று. ஒன்றிரண்டு ஆண்டாவது சேரட்டும்.

இனிப் பேச்சுக் கணக்கு. வெரிட்டே ரிசேர்ச் நிறுவனத்தின் மந்திரி டொட் எல்கே தளம் ஹன்சாட்டை வாசித்து உறுப்பினர்களின் பங்களிப்பைத் தலைப்புவாரியாகப் புள்ளியிட்டு வரிசைப்படுத்துகிறது. நல்ல முயற்சி, தமிழிலும் பார்க்கலாம். ஆனால் ஹன்சாட்டில் ஏறாத எதுவும் அந்தப் புள்ளியில் ஏறாது. குழு அறையில் மறித்த செலவும், கச்சேரியில் போராடிப் பெற்ற காணி அனுமதிப்பத்திரமும் அங்கே தெரியாது. பிரித்தானியாவில் இப்படி எண்ணத் தொடங்கியபோது, எண்ணிக்கையை ஏற்றுவதற்காகவே சிலர் சிறு கேள்விகளைக் குவிக்கிறார்கள் என்று 2006இல் முறைப்பாடு கிளம்பியது. அமெரிக்க ஆய்வாளர்கள் கிரெய்க் வோல்டனும் அலன் வைஸ்மனும் ஓர் உறுப்பினரின் சட்டமூலம் எத்தனை படி தாண்டியது என்று பார்த்து 15 அளவுகோலில் செயல்திறன் புள்ளி போடுகிறார்கள். இங்கே அதை அப்படியே பொருத்தினால் பிழைக்கும். நம் சட்டமூலங்களில் பெரும்பாலானவை அமைச்சர்கள் கொண்டுவருபவை. தனியார் உறுப்பினர் சட்டமூலம் அபூர்வம்.

வயல்காரர் மொத்த மூடையைக் கேட்டு ஒருவரின் விளைச்சலை மதிப்பதில்லை, ஏக்கருக்கு எத்தனை என்றுதான் கேட்பார். அந்தப் புத்தி உறுப்பினரின் கணக்கிலும் வேண்டும். விவாத நேரம் கட்சிகளின் பலத்தைப் பார்த்துப் பங்கிடப்படுகிறது. 159 பேர் கொண்ட ஆளுங்கட்சியின் பின்வரிசை உறுப்பினருக்குக் கிடைக்கும் நிமிடமும், எட்டுப் பேர் கொண்ட தமிழரசுக் கட்சியின் உறுப்பினருக்குக் கிடைக்கும் நிமிடமும் ஒன்றல்ல. எதிர்க்கட்சிக்காரரை எதிர்க்கட்சிக்காரரோடும், பின்வரிசையைப் பின்வரிசையோடும் ஒப்பிடுங்கள். அமைச்சர் கேள்வி கேட்பவர் அல்லர், பதில் சொல்பவர். அவருக்கு வாய்மொழி வினாக் கணக்கில் பூச்சியம் போட்டு ஏளனம் செய்வது அறியாமை.

விளைவை அளப்பது இன்னும் கடினம். ஓமந்தைக்காரருக்கு இதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. 2016இல் வவுனியாவுக்கு வந்த பொருளாதார மத்திய நிலையத்தை ஓமந்தையில் வைப்பதா, தாண்டிக்குளத்தில் வைப்பதா என்று இழுபறி நடந்தது. அன்றைய வடக்கு மாகாண முதலமைச்சர் விக்னேஸ்வரன் மக்கள் பிரதிநிதிகளின் விருப்பத்தைக் கேட்டார். கடைசியில் கட்டடம் மதவுவைத்தகுளத்தில் எழுந்தது, கட்டி முடிந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் திறக்கப்படாமல் கிடந்தது. விவசாயி மரக்கறியோடு தம்புள்ளைக்கு அலைந்ததுதான் மிச்சம். அந்தக் காலத்தில் ஒவ்வொரு பிரதிநிதியும் எந்தக் கூட்டத்தில் என்ன சொன்னார் என்பதற்குத் தாள் இருக்கிறது. அதைக் கேட்டுப் பெற்றவர்களை விட, மேடையில் கேட்டதை நம்பியவர்களே அதிகம்.

தாளைப் பெறும் வழி, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இத்தனை ஆண்டு கழிந்தும் விண்ணப்பங்கள் வீணாகும் விதம் வயிறெரியச் செய்கிறது. "எமது உறுப்பினர் ஏன் ஒன்றும் செய்யவில்லை?" என்று எழுதுகிறார்கள். அது தகவல் கோரிக்கை அல்ல, முறைப்பாடு. அலுவலர் ஒரே வரியில் தள்ளிவிடுவார். "ஏன்" என்று எழுதாதீர்கள். ஆவணத்தின் பெயரையும் திகதியையும் எழுதுங்கள்.

வருகை, பெயர் வாக்கெடுப்பு, வினாக்கள், குழுக் கூட்ட வருகை ஆகியவை வேண்டுமென்றால் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே, நாடாளுமன்றத்தின் தகவல் அலுவலருக்கு எழுத வேண்டும். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு விடயங்களும், பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவு நிதியும் வேண்டுமென்றால் வவுனியா மாவட்டச் செயலகத்தின் தகவல் அலுவலருக்கு. மாகாண சபைக் காலத்துப் பதிவு என்றால் கைதடியில் உள்ள பேரவைச் செயலகத்துக்கு. வாசகம் இப்படி இருந்தால் போதும்: "2025 ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை நடந்த வவுனியா மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களின் திகதிகள், வருகைப் பதிவின் பிரதி, கூட்டறிக்கைகளின் பிரதி, தீர்மானங்கள் மீது எடுத்த நடவடிக்கையைக் காட்டும் ஆவணங்களின் பிரதி." உறுப்பினரின் பெயரைக்கூட எழுத வேண்டாம். தாள் வந்தால் ஆறு பேரும் அதில் தெரிவார்கள்.

தமிழில் எழுதலாம். ஆர்டிஐ 01 படிவம் இல்லை என்று திருப்பி அனுப்பினால் நம்பாதீர்கள், வெறுங்கடிதமும் செல்லும். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அலுவலரே எழுதிக்கொள்ளக் கடமைப்பட்டவர். காரணம் கேட்க அவருக்கு உரிமை இல்லை. விண்ணப்பிக்கக் கட்டணமும் இல்லை. தகவல் அலுவலரின் விபரம் அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைக்கப்பட வேண்டும் என்பது சட்டம். வைக்காத அலுவலகம் சட்டத்தை மீறுகிறது, அதை அங்கேயே சொல்லுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்து இலங்கைக் குடியுரிமையை விட்ட உறவினரைக் கொண்டு எழுதுவிக்காதீர்கள். இலங்கைப் பிரசை கேட்டால்தான் செல்லும்.

பெற்றுக்கொண்டதற்கான எழுத்துச் சான்றை வாங்காமல் திரும்பாதீர்கள். தபாலில் அனுப்பினால் பதிவுத் தபால், பற்றுச்சீட்டு கையில். இதைச் சொன்னாலும் பலர் செய்வதில்லை, பிறகு "குடுத்தனாங்கள், காணேல்லையாம்" என்று வருகிறார்கள். தருவதா மறுப்பதா என்பதை அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். பக்கங்கள் பெருந்தொகையானால் தகவலைக் கொடுக்க மேலும் 21 நாள் வரை எடுக்கலாம். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ, அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு. அவர் மூன்று வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும். அங்கும் கிடைக்காவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பில் உள்ள தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்கு. நடுவில் உள்ள அந்த 14 நாள்தான் பெரும்பாலானோரைத் தோற்கடிப்பது. விண்ணப்பம் கொடுத்த அன்றே கலண்டரில் குறித்து வையுங்கள்.

"நாடாளுமன்றச் சிறப்புரிமை" என்று பயம் காட்டினாலும் பின்வாங்க வேண்டாம். சொத்து விபரம் கொடுத்த உறுப்பினர்களின் பெயரைக் கேட்ட ஊடகவியலாளர் ஒருவருக்கு நாடாளுமன்றம் மறுத்தது. 2021இல் ஆணைக்குழு கொடுக்கச் சொன்னது. நாடாளுமன்றம் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போய் 2023இல் தோற்றது.

தாள் கைக்கு வந்ததும் ஒரு கொப்பியில் ஆறு பெயரையும் மேலே எழுதிக் கோடு போடுங்கள்: நடந்த அமர்வு, வந்த அமர்வு, பெயர் வாக்கெடுப்பு, வாக்களித்தது, ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம், வந்தது, எழுப்பிய விடயம், முடிந்த விடயம். கடைசி இரண்டும்தான் ஓமந்தைக்குப் பயன்படுபவை. வருகைப் பதிவு ஒருவர் வந்ததைச் சொல்லும், எவ்வளவு நேரம் இருந்தார் என்பதைச் சொல்லாது. அனுமதியின்றித் தொடர்ந்து மூன்று மாதம் அமர்வுக்கு வராவிட்டால்தான் அரசியலமைப்பின்படி ஆசனம் பறிபோகும். அந்த அளவு தளர்வான வேலியை நம்பி இருக்க முடியாது. நாடாளுமன்ற இணையத்தளத்தில் ஹன்சாட்டை எடுக்கும்போது "பிழை திருத்தப்படாதது" என்று முகப்பில் இருக்கிறதா என்று பாருங்கள், திருத்திய பதிப்பு வந்ததும் ஒப்பிடுங்கள். தமிழில் பேசியது தமிழிலேயே அச்சாகியிருக்கும். வாசிக்க மொழிபெயர்ப்பாளர் வேண்டாம்.

கமக்காரர் அமைப்பு, கிராம அபிவிருத்திச் சங்கம், பாடசாலைப் பழைய மாணவர் சங்கம் என்று ஓமந்தையில் கூடுகிறவர்கள் இருக்கிறார்கள். சங்கத்துக்கு ஒருவர் ஒரு விண்ணப்பம் எழுதட்டும். இந்த மாதமே எழுதட்டும். பழைய கூட்டறிக்கை தேடி வர நாள் எடுக்கும், தேர்தல் அறிவித்த பிறகு எழுதினால் வாக்குப் பெட்டி மூடிய பின்தான் பதில் வரும்.