ஒன்பதாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும்

தடுப்பூசி போட்ட பிள்ளைகளுக்கே தட்டம்மை வந்துவிட்டதாம் என்று கேள்விப்பட்டால், பிறகு ஊசி எதற்கு என்று பெற்றோர் கேட்பது இயல்பு. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கிள்ளானில் ஒரு பள்ளியில் 1,000 மாணவர்கள் என்று வைத்துக்கொள்வோம். 980 பேர் இரண்டு தவணை ஊசியும் போட்டவர்கள். 20 பேர் ஒன்றுமே போடாதவர்கள். இரண்டு தவணைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு ஏறத்தாழ 97 விழுக்காடு. ஆக, போட்டவர்களிலும் 29 பேர் நோய்க்கு இடம் கொடுப்பார்கள். கிருமி நுழைந்தால் ஊசி போட்ட நோயாளிகளே எண்ணிக்கையில் கூடுதலாகத் தெரியலாம். ஆனால் அவர்கள் 980 பேரில் 29 பேர். ஊசி போடாதவர்களிலோ 20 பேரும் ஆபத்தில்.

இது வெறும் கற்பனைக் கணக்கல்ல. 1985இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்துக் கார்பஸ் கிறிஸ்டி நகரப் பள்ளிகளில் 99 விழுக்காட்டுக்கு மேற்பட்ட மாணவர்கள் ஊசி போட்டிருந்தும் 14 பேருக்குத் தட்டம்மை கண்டது. நோயாளி வெளியேறிய அறையின் காற்றில் இந்த வைரஸ் இரண்டு மணி நேரம் வரை தங்கும். எதிர்ப்புச் சக்தியே இல்லாத சமூகத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவும். அதனால்தான் குறைந்தது 95 விழுக்காட்டினருக்காவது எதிர்ப்புச் சக்தி இருக்க வேண்டும் என்கிறார்கள்.

அடுத்து, எந்த வயதில் போடுவது? கருவிலேயே தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புப் பொருள்கள் சில மாதங்கள் குழந்தையைக் காக்கும். அவையே ஊசியிலுள்ள வலுக்குறைத்த வைரஸையும் முடக்கிவிடும். ஆகவே 9 மாதத்தில் போட்டால் சுமார் 85 விழுக்காடு குழந்தைகளுக்கே ஊசி பலிக்கும். 12 மாதத்தில் சுமார் 95. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 2011இல் பரவிய தட்டம்மையை ஆராய்ந்தபோது, இரு தவணை போட்டவர்களிலும், முதல் ஊசியை 12 மாத வாக்கில் பெற்றவர்களுக்கு 15 மாதத்தில் பெற்றவர்களைவிட ஆபத்து கூடுதலாக இருந்தது.

அப்படியென்றால் காத்திருக்கலாமே? காத்திருக்கும் மாதங்களில் நோய் தொற்றினால் நிமோனியா கைக்குழந்தைகளை அதிகம் வாட்டும். பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் விமான நிலைய ரயிலும் உள்ளூர் ரயில்களும் வந்து சேர்கின்றன; நெரிசல் மிகுந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் கிருமி நுழைய வழியா இல்லை?

மலேசியா இரண்டையும் எடை போட்டது. 2016 முதல் தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மூன்றுக்குமான எம்எம்ஆர் ஊசியை 9ஆம் மாதத்திலும் 12ஆம் மாதத்திலும் போடுகிறார்கள். முதலாவது, ஆபத்தான மாதங்களைக் குறைக்கிறது; இரண்டாவது, முதல் ஊசி பலிக்காத பிள்ளைகளைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டாவதைத் தள்ளிப்போட்டால் அந்தப் பிள்ளைகள் பாதுகாப்பின்றியே இருப்பார்கள். ஒன்பது மாதம் நிறையாத குழந்தைக்கோ, சுற்றியுள்ளவர்கள் போட்டுக்கொண்ட ஊசிதான் காவல்.