அம்மாவின் செபமாலையை எங்கே வைப்பது?



நவம்பர் மாதம் பிறந்தாலே நம் கல்லறைத் தோட்டங்கள் மெழுகுதிரிகளாலும் மலர்களாலும் நிறைந்துவிடுகின்றன. இப்போது இந்த நினைவுகூர்தல் நம் ஊர்க் கல்லறையின் மதிலைத் தாண்டியும் செல்கிறது. புனித நாட்டிற்கும் லூர்து, பாத்திமா போன்ற திருத்தலங்களுக்கும் திருப்பயணம் செல்வோர், மறைந்த தாய் தந்தையரின் செபமாலை, புகைப்படம், மூக்குக்கண்ணாடி என ஏதேனும் ஒன்றைக் கொண்டுசென்று அங்கே வைத்துவிட்டு வர விரும்புகிறார்கள்.

லூர்துக்குப் புறப்படவிருந்த ஒரு சகோதரி, தம் அம்மாவின் தேய்ந்துபோன செபமாலையோடு நம்மிடம் வந்தார். "ஃபாதர், லூர்து மாதாவைப் பார்க்கணும்னு அம்மா கடைசிவரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு நான்தான் தள்ளிப்போட்டேன். இதையாவது அங்க வெச்சிட்டு வந்தா அம்மா என்னை மன்னிப்பாங்களா?" என்று கேட்டார்.

அவர் கேட்டது செபமாலையைப் பற்றி மட்டும் அல்ல. பெற்றோருக்குச் செய்யத் தவறியதை இனி எப்படிச் செய்வது என்பதே அவரது கேள்வி. நம்மில் எத்தனையோ பேர் இதே கேள்வியை நெஞ்சில் சுமக்கிறோம். எனவே இதைச் சற்று ஆழமாகச் சிந்திப்போம்.

அன்புக்கு அடையாளம் வைப்பது விவிலியத்திற்குப் புதிதல்ல. வழியிலே இறந்த ராகேலின் கல்லறைமீது யாக்கோபு ஒரு நினைவுத்தூணை நிறுத்தினார் (தொநூ 35:20). யோர்தானைக் கடந்த இஸ்ரயேல் மக்கள் ஆற்றிலிருந்து 12 கற்களை எடுத்து வைத்தார்கள். பின்னாளில் பிள்ளைகள் "இக்கற்கள் எதற்கு?" என்று கேட்கும்போது, கடவுள் செய்ததைச் சொல்வதற்காகவே அவை வைக்கப்பட்டன (யோசு 4:6-7). இன்றும் ஸ்பெயின் நாட்டில், திருத்தூதர் யாக்கோபின் திருத்தலமான சந்தியாகோ தே கொம்போஸ்தெலாவுக்குச் செல்லும் நடைபாதையில், ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் 'இரும்புச் சிலுவை' என்ற இடம் உண்டு. உயரமான மரக்கம்பத்தின் உச்சியில் ஒரு சிறிய சிலுவை. அதன் அடியில் கற்குவியல். திருப்பயணிகள் தங்கள் ஊரிலிருந்து சுமந்துவந்த கல்லை அங்கே வைத்துச் செபிக்கிறார்கள். இறந்த தம் அன்பர்களின் படத்தை வைத்துச் செல்வோரும் உண்டு. மனிதர் மனத்தின் பாரத்தைக் கையாலும் இறக்கி வைக்க விரும்புகிறார்கள். இது இயல்பானது. இதைக் குறை சொல்லத் தேவையில்லை.

ஆனால் நம் அடையாளங்கள் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை ஒரு தாய் நமக்குக் கற்பிக்கிறார். அவர் புனித மோனிக்கா. இன்றைய அல்ஜீரியாவில் உள்ள தாகாஸ்தே அவரது ஊர். கணவர் பத்ரீசியுவின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட வேண்டும் என்பது அவரது நெடுநாள் விருப்பம். அதற்கான இடத்தையும் ஆயத்தம் செய்து வைத்திருந்தார். ஆனால் 387ஆம் ஆண்டு, ஊர் திரும்பும் வழியில், உரோமையின் துறைமுகமான ஓஸ்தியாவில் தமது 56ஆம் வயதில் நோயுற்றார். தாய் அந்நிய மண்ணில் இறப்பதை எண்ணி ஒரு மகன் வருந்தியபோது, அவர் அதை ஏற்கவில்லை. இந்த உடலை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், அதைப்பற்றிக் கவலைப்படாதீர்கள். நீங்கள் எங்கே இருந்தாலும் ஆண்டவரின் பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் சொன்னார். இதை நமக்கு எழுதி வைத்தவர் அவருடைய மகன் புனித அகுஸ்தினாரே. நிறைவேறாத விருப்பத்தோடு இறந்த அந்தத் தாயிடம் ஏக்கம் இல்லை. பிள்ளைகள்மீது குறையும் இல்லை.

அகுஸ்தினார் தாய்க்கு வைத்த நினைவுச்சின்னம் எது? தம் வாழ்க்கை வரலாற்றை எழுதும்போது, அதை வாசிக்கும் அனைவரும் தம் தாய் தந்தையரைப் பீடத்தில் நினைத்துச் செபிக்குமாறு வேண்டினார். மோனிக்காவின் கல்லறைக் கல்வெட்டு மண்ணுக்குள் மறைந்துபோய், அதன் ஒரு துண்டு 1945இல்தான் ஓஸ்தியாவில் கிடைத்தது. ஆனால் அந்த மகன் கேட்ட செபமோ நூற்றாண்டுகளைக் கடந்து இன்றும் தொடர்கிறது!

எனவே திருப்பயணம் செல்லும் பிள்ளைகள் மூன்று காரியங்களை மனத்தில் கொள்வது நல்லது.

முதலாவது, பொருளுக்கு முன் செபம். போரில் இறந்தவர்களுக்காக யூதா மக்கபே 2,000 வெள்ளி திராக்மா திரட்டி, பாவம்போக்கும் பலிக்காக எருசலேமுக்கு அனுப்பினார் (2 மக் 12:43). நாம் வைத்துவிட்டு வரும் பொருள் மழையில் நனையலாம், அகற்றப்படலாம். ஆனால் இறந்தோருக்காக ஒப்புக்கொடுக்கும் திருப்பலி வீணாவதில்லை.

இரண்டாவது, அந்த இடத்திற்குரிய மரியாதை. கெபியின் பாறை இடுக்கிலும் பீடத்தின் ஓரத்திலும் பொருள்களைச் செருகிவிட்டு வருவது பக்தி அல்ல. அங்குள்ள பொறுப்பாளர்களைக் கேட்டு, அனுமதித்த இடத்தில் மட்டும் வைப்போம். உடலின் சாம்பலைப் பொறுத்தவரை இன்னும் கவனம் தேவை. திருச்சபை 1963 முதல் உடல் தகனத்தை அனுமதிக்கிறது. எனினும் சாம்பலைக் கடலிலோ ஆற்றிலோ தூவுவதும், அதை நினைவுப்பொருளாகவோ அணிகலனாகவோ மாற்றுவதும் கூடாது என்று 2016இல் வத்திக்கான் தெளிவுபடுத்தியது. 2023 டிசம்பரில் ஒரு விளக்கம் தரப்பட்டது. அதன்படி, சாம்பலில் மிகச் சிறிய பகுதியை, இறந்தவரின் வாழ்வில் முக்கியமாயிருந்த ஓரிடத்தில் தகுந்த முறையில் வைக்கக் குடும்பத்தினர் கேட்டால், சில நிபந்தனைகளோடு தலத் திருச்சபை அதிகாரிகள் அதைப் பரிசீலிக்கலாம். எனவே நாமாக முடிவெடுக்காமல் பங்குத்தந்தையிடம் முதலில் பேசுவோம்.

மூன்றாவது, ஏழைகளுக்கான பங்கு. இதற்கும் மோனிக்காவே முன்மாதிரி. மறைச்சாட்சியரின் கல்லறைகளுக்கு அப்பமும் இரசமும் கூடையில் எடுத்துச் செல்வது அவரது ஊர் வழக்கம். மிலான் நகரில் ஆயர் புனித அம்புரோசியார் அதைத் தடை செய்திருந்தார் என்று அறிந்ததும், முணுமுணுக்காமல் விட்டுவிட்டார். அதன்பின் கூடைக்குப் பதிலாகச் செபம் நிறைந்த உள்ளத்தோடு சென்றார். தம்மால் இயன்றதை ஏழைகளுக்குக் கொடுத்தார். நம் பயணச் செலவில் ஒரு சிறு பங்கு, அம்மா அப்பா பெயரில் ஒரு முதியவரின் மருந்துக்கோ, ஒரு மாணவரின் கட்டணத்துக்கோ போய்ச் சேரட்டுமே!

அந்தச் சகோதரிக்கு நாம் என்ன சொன்னோம்? லூர்தில் 1858இல் அன்னை மரியாவை 18 முறை கண்ட புனித பெர்னதெத்தைப் பற்றிச் சொன்னோம். 1866இல் நெவேர் நகரத்துக் கன்னியர் மடத்துக்குச் சென்ற அவர், 1879இல் இறக்கும்வரை லூர்துக்குத் திரும்பவே இல்லை. கெபியைக் காணாததால் அன்னை அவருக்குத் தூரமாகிவிடவில்லை. உங்கள் அம்மாவுக்கும் அப்படியே. தள்ளிப்போட்டது உங்கள் மனத்தை உறுத்தினால், அதை ஒப்புரவு அருள்சாதனத்தில் ஆண்டவரிடம் கொடுங்கள்; மன்னிப்பு அங்கே கிடைக்கிறது. கெபியின் முன் இந்தச் செபமாலையாலேயே அம்மாவுக்காக முழுச் செபமாலை சொல்லுங்கள், ஒரு திரி ஏற்றுங்கள். பிறகு செபமாலையைத் திரும்பக் கொண்டுவந்து உங்கள் மகள் கையில் கொடுங்கள் என்றோம். அவர் அப்படியே செய்தார்.

யோர்தான் கற்களைப்போல, நாளை ஒரு குழந்தை "இது யாருடையது?" என்று கேட்கட்டும். அப்போது நம் பெற்றோரின் விசுவாசத்தை அதற்குச் சொல்லிக் கொடுப்போம். உயிரோடிருக்கும் பெற்றோரை "அடுத்த வருஷம்" என்று காக்க வைக்காதிருப்போம். மறைந்தோரை இன்றைய திருப்பலியிலேயே நினைவுகூர்வோம்.

ஆண்டவரே, எங்கள் பெற்றோருக்கு நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும். ஆமென்.