மண்ணுக்கும் ஒரு குணம் உண்டு

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை மண்ணில் கை வைத்தால் அதட்டுகிறவரா நீங்கள்? நானும் அப்படித்தான் இருந்தேன். சென்ற தீபாவளிக்கு முன் என் வகுப்பில் நடந்த ஒரு சம்பவம் என்னை மாற்றிவிட்டது.

ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் கலைப் பாடத்தில் அகல் விளக்கு செய்யச் சொல்லிக்கொடுத்தேன். ஆற்றோரத்துக் களிமண்ணை எல்லாரும் கொண்டு வந்திருந்தார்கள். ஒரு மாணவன் மட்டும் சலித்த மணலை அதில் சேர்த்துப் பிசைந்துகொண்டிருந்தான். "நல்ல மண்ணை ஏன்டா கெடுக்கிறாய்?" என்று எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். தலையைக் குனிந்துகொண்டான், மண்ணை மாற்றவில்லை.

நான்கு நாள் கழித்துப் பார்த்தால், மற்ற விளக்குகள் காய்ந்து விரிசல் விட்டிருந்தன. அவனுடைய விளக்கு மட்டும் முழுசாக இருந்தது! "யார் சொல்லிக்கொடுத்தது?" என்றேன். "எங்க தாத்தா, ஐயா" என்றான்.

அன்று மாலையே அவன் வீட்டுக்குப் போனேன். தாத்தா பல வருடம் பால்மரம் சீவியவர். அவருடைய தகப்பனார் தமிழ்நாட்டிலிருந்து வந்த குயவர். வீட்டுக்குப் பின்னால் பழைய சக்கரம் ஒன்று இருந்தது. பொங்கலுக்குச் சில பானைகள் செய்து அக்கம்பக்கத்தாருக்குக் கொடுப்பாராம்.

மூன்று உருண்டைகள்

"வாத்தியாரே, களிமண்ணு காயும்போது சுருங்கும். மணலு சுருங்காது. அதனாலதான் சேர்க்கிறோம். ஆனா எவ்வளவு சேர்க்கணும்னு மண்ணைத்தான் கேட்கணும்" என்றபடி மூன்று உருண்டைகளைப் பிசைந்து வைத்தார்.

முதல் உருண்டை வெறும் களிமண். சக்கரம் சுழல, அவர் விரல்களுக்கு இடையே கூஜாவின் கழுத்துபோல் உயர்ந்து எழுந்தது. இரண்டாவதில் நாலு பங்கு களிமண்ணுக்கு ஒரு பங்கு மணல். அவ்வளவு உயரவில்லை, ஆனால் தடித்த விளிம்போடு நல்ல சட்டியாக நின்றது. மூன்றாவதில் பாதிக்குப் பாதி மணல். கையை உராய்ந்தது, சற்று இழுத்ததுமே விளிம்பு கிழிந்து போயிற்று.

"மண்ணு மாறினா உருவமும் மாறணும், வாத்தியாரே. சட்டிக்கு உள்ள மண்ணுகிட்ட கூஜாவோட உயரத்தைக் கேட்டா அது எங்கே போகும்?" என்று சிரித்தார்.

சமையல் சட்டியில் மணல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அடுப்பு நெருப்பின் திடீர்ச் சூட்டை அது தாங்க உதவுகிறது. அடி உருண்டையாக இருப்பதும் இதற்காகத்தான். மூலை இல்லாததால் சூடு சீராகப் பரவுகிறது. பக்கச் சுவரைச் சக்கரத்தில் எழுப்பி, பாதி காய்ந்ததும் உள்ளே கல்லை அணைகொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை உருட்டுகிறார்கள்.

நானும் ஒரு கிண்ணம் செய்தேன். நன்றாகக் காயுமுன்னே அவசரப்பட்டுச் சூளையில் வைத்தேன், படாரென்று சிதறியது! ஈரம் நீராவியாகி, வெளியேற வழியில்லாமல் உடைத்துவிட்டது. மாணவர்களுக்குப் பொறுமையைப் போதிக்கும் நான் அன்று அதைப் படித்தேன்.

மங்கு பிறந்த சூளை

நம் தாய்மார்கள் துடைத்துக் கவிழ்த்த பால் மங்குகூட இப்படி நெருப்பில் பிறந்ததுதான். சிங்கப்பூரின் ஜாலான் பஹார் பகுதியில் 1940ஆம் ஆண்டில் கட்டப்பட்ட 'டிராகன் சூளை' ஒன்றில் ரப்பர் தோட்டங்களுக்கான மங்குகள் சுடப்பட்டன. சரிவான நிலத்தில் நீண்டு கிடப்பதால் அந்தப் பெயர். அங்கே எரியும் விறகின் சாம்பல் பாத்திரங்கள்மேல் படிந்து, கடும் சூட்டில் உருகி, கண்ணாடி போன்ற மெருகாகிவிடும். சாம்பலும் ஒரு மூலப்பொருளே! மங்குக்குத் தேவை குறைந்தபின், மண்பாண்டக் கலைஞர்கள் தங்கள் படைப்புகளைச் சுட்டுப் பார்க்கும் இடமாக அது மாறியது.

சிங்கப்பூரின் புகழ்பெற்ற மண்பாண்டக் கலைஞர் இஸ்கந்தர் ஜலில், கணிதமும் அறிவியலும் கற்பித்த ஓர் ஆசிரியர். 1972ஆம் ஆண்டில் கொழும்புத் திட்ட உதவியில் ஜப்பானின் தாஜிமி நகருக்குச் சென்று பயின்றார். சக்கரத்தில் வனைந்த பாண்டங்களுக்கு மரக்கிளையைக் கைப்பிடியாகப் பொருத்தினார். ஜாவி எழுத்துகளைப் பதித்தார். அவருடைய நீல மெருகுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. 1988இல் கலாசாரப் பதக்கம் பெற்றார். பொருளையும் உருவத்தையும் மாற்றி மாற்றிச் சோதித்த கைக்குக் கிடைத்த மதிப்பு அது.

வீட்டில் செய்து பாருங்கள்

களிமண்ணை மூன்று பட்டைகளாகத் தட்டுங்கள். ஒன்றில் மணல் வேண்டாம். மற்ற இரண்டில் வெவ்வேறு அளவு சேருங்கள். ஒவ்வொன்றிலும் சரியாக 10 சென்டிமீட்டர் கோடு கிழித்து நிழலில் காயவையுங்கள். காய்ந்தபின் கோட்டை அளந்து பிள்ளையையே எழுதிவைக்கச் சொல்லுங்கள். எது அதிகம் சுருங்கியது, எது விரிசல் விட்டது என்று அவனே கண்டுபிடிப்பான். கணக்கும் அறிவியலும் ஒரே பட்டையில் அடங்கிவிடும்.

தீபாவளிக்கு முன்தினம் வகுப்பில் அந்த மாணவனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவன் விளக்கைத்தான் முதலில் ஏற்றினோம். எல்லாருக்கும் மணல் அளவைச் சொல்லிக்கொடுத்தவனும் அவனே.

பிள்ளை சேற்றுக் கையோடு வந்து நின்றால், "போய்க் கழுவு" என்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள்: "என்ன செய்து பார்த்தாய், கண்ணு?"