எஞ்சின் மாற்றிய பழைய ஜீப்: பிரேக்குக்கு வெற்றிடம் கிடைக்கிறதா?

தோட்டத்திற்கு உரமும் விதையும் ஏற்றிச் செல்லவும், விளைந்த காய்கறியைச் சந்தைக்குக் கொண்டு சேர்க்கவும் பழைய ஜீப் ஒன்றை வைத்துக்கொண்டிருக்கும் விவசாயிகள் பலர் உண்டு. பெட்ரோல் எஞ்சினுடன் வந்த இவ்வண்டிகளில் செலவைக் குறைக்க வேண்டி டீசல் எஞ்சின் பொருத்துவது நெடுநாளாக உள்ள வழக்கம். அத்துடன் புது வண்டிகளில் உள்ளதுபோல பிரேக் பூஸ்டரையும் சேர்த்துப் பொருத்திக்கொள்கிறார்கள். எஞ்சின் நன்றாக ஓடுகிறது; பாரமும் இழுக்கிறது. ஆனால் பூஸ்டர் வேலை செய்வதற்கு வேண்டிய வெற்றிடம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பலரும் கேட்பதில்லை. சம தரையில் மெதுவாக ஓட்டும்வரை இந்தக் குறை வெளியே தெரியாது. பாரத்துடன் மலைச்சரிவில் இறங்கும்போதுதான் தெரியும். அப்போது தெரிந்து பயனில்லை.

வெற்றிடம் என்பது என்ன?

பட்டறைக்காரர்கள் 'வேக்குவம்' என்று சொல்வது இதைத்தான். கிணற்றில் பம்பு வைத்திருக்கும் விவசாயிக்கு இது புதிய செய்தி அல்ல. பம்பு தண்ணீரைப் பிடித்து இழுப்பதில்லை. உறிஞ்சு குழாயில் உள்ள காற்றழுத்தத்தைக் குறைக்கிறது. வெளியே உள்ள காற்று கிணற்று நீரை அழுத்தி மேலே தள்ளுகிறது. காற்றின் இந்த அழுத்தம் கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ. இது 760 மில்லிமீட்டர் உயரப் பாதரசத்திற்கோ, சுமார் 10.3 மீட்டர் உயரத் தண்ணீருக்கோ சமம். எவ்வளவு பெரிய மோட்டார் வைத்தாலும் அதற்கு மேல் நீரை உறிஞ்ச முடியாததற்குக் காரணம் இதுவே.

பிரேக் பூஸ்டரும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. அது ஒரு தகர உருளை. நடுவே ரப்பர் சவ்வு ஒன்று அதை இரண்டு அறைகளாகப் பிரிக்கிறது. பிரேக் மிதிக்காதபோது இரு அறைகளிலும் வெற்றிடம் இருக்கும். மிதித்தவுடன் பின் அறைக்குள் வெளிக்காற்று நுழைகிறது. முன் அறையில் வெற்றிடம் அப்படியே இருப்பதால், காற்று சவ்வை முன்னால் தள்ளி, மாஸ்டர் சிலிண்டரின் தண்டை அழுத்துகிறது. நம் கால் தரும் விசையுடன் காற்றின் விசையும் சேர்கிறது.

இதன் அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். சவ்வின் விட்டம் 20 சென்டிமீட்டர் என்றால் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். வெற்றிடம் 500 மில்லிமீட்டர் இருந்தால் சுமார் 210 கிலோ விசை கிடைக்கும். அதே வெற்றிடம் 250 மில்லிமீட்டராகக் குறைந்தால் விசையும் 105 கிலோவாகக் குறையும். குறைந்த பங்கை நம் கால்தான் ஈடு செய்ய வேண்டும்.

பெட்ரோலுக்கும் டீசலுக்கும் உள்ள வேறுபாடு

பெட்ரோல் எஞ்சினில் காற்று உள்ளே போகும் வழியில் ஒரு தகட்டுக் கதவு உண்டு. ஆக்சிலேட்டரை விட்டவுடன் அது மூடிக்கொள்கிறது. பிஸ்டன்கள் தொடர்ந்து உறிஞ்சுவதால் கதவுக்கும் எஞ்சினுக்கும் இடையே வெற்றிடம் உண்டாகிறது. நல்ல நிலையில் உள்ள எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது இது சமவெளியில் 400 முதல் 550 மில்லிமீட்டர் வரை இருக்கும். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் கதவு திறந்து வெற்றிடம் மறைந்துவிடும். பழைய பெட்ரோல் ஜீப்புகள் பலவற்றில் கண்ணாடி வைப்பர் வெற்றிடத்தால் இயங்கியது. ஏற்றத்தில் வண்டி திணறும்போது வைப்பரும் மெதுவாகி நின்றுவிடுவதைப் பழைய ஓட்டுநர்கள் அறிவார்கள்.

டீசல் எஞ்சினில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது உள்ளே தெளிக்கும் டீசலின் அளவுதான். காற்று தாராளமாகப் போய்க்கொண்டே இருக்கும். பெரும்பாலானவற்றில் மேற்சொன்ன கதவே கிடையாது. ஆகவே டீசல் எஞ்சினின் காற்றுக் குழாயில் துளையிட்டு பூஸ்டர் ஹோசை இணைப்பதால் பயன் எதுவும் இல்லை.

சில பழைய டீசல் எஞ்சின்களில் காற்று வழியில் ஒரு தகடும், அதிலிருந்து டீசல் பம்புக்குச் செல்லும் மெல்லிய குழாயும் காணப்படும். இது எஞ்சினின் வேகத்தை அடக்கும் கவர்னருக்கு உரியது. இதிலிருந்து பூஸ்டருக்குக் கிளை எடுக்கவே கூடாது. இக்குழாயில் கசிவு ஏற்பட்டால் டீசல் அளவு கூடி எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஓடக்கூடும்.

வெற்றிடம் தரும் வழிகள்

முதல் வழி, எஞ்சினால் இயங்கும் வேக்குவம் பம்பு. பல டீசல் வண்டிகளில் இது ஆல்டர்னேட்டரின் பின்புறத்தில் சேர்ந்தே வரும். உள்ளே சுழலும் தகடுகள் காற்றை வெளியேற்றி வெற்றிடம் உண்டாக்குகின்றன. எஞ்சினை வாங்கும்போதே இந்தப் பம்புடன் கூடிய ஆல்டர்னேட்டரையும் கேட்டு வாங்குவது நலம்.

இப்பம்புக்கு எஞ்சின் ஆயில் இன்றியமையாதது. மெல்லிய குழாய் ஒன்று ஆயிலைக் கொண்டுவரும். அதைவிடப் பெரிய குழாய் ஆயிலையும் காற்றையும் சம்ப்புக்குத் திருப்பி அனுப்பும். ஆயில் வரத்து இல்லாவிடில் தகடுகள் தேய்ந்து பம்பு பிடித்துக்கொள்ளும். திரும்பும் குழாய் மடங்கினாலோ அடைத்துக்கொண்டாலோ ஆயில் பூஸ்டருக்குள் ஏறி ரப்பரைக் கெடுக்கும். திரும்பும் குழாய் எப்போதும் கீழ்நோக்கிச் சரிவாக இருக்கவேண்டும்.

இரண்டாவது வழி, பாட்டரியில் இயங்கும் மின்சார வேக்குவம் பம்பு. எஞ்சின் நின்றாலும் இது வேலை செய்யும். வெற்றிடம் குறைந்ததும் தானே ஓடி, நிறைந்ததும் தானே நிற்கும்படி சுவிட்ச் இருக்கவேண்டும். ரிலேயும் பியூசும் வைத்துத் தனி ஒயரில் இணைக்க வேண்டும்.

எந்த வழியாயினும் ஒரு வெற்றிடத் தொட்டி வைப்பது நல்லது. வயலுக்கு மேல்நிலைத் தொட்டி எப்படியோ, பிரேக்குக்கு இது அப்படி. பம்பு நின்றுபோனாலும் சில முறை மிதிக்க இருப்பு இருக்கும்.

ஒருவழி வால்வும் ஹோசும்

பூஸ்டரில் ஹோஸ் சேரும் இடத்தில் ஒருவழி வால்வு இருக்கும். கிணற்றுப் பம்பின் புட்வால்வைப் போன்றதுதான் இது. புட்வால்வு கசிந்தால் மோட்டாரை நிறுத்தியதும் குழாய் நீர் இறங்கிவிடும். இவ்வால்வு கசிந்தால் எஞ்சின் நின்றதும் வெற்றிடம் போய்விடும். வால்வை மாற்றும்போது திசை தவறாமல் பொருத்த வேண்டும். காற்று பூஸ்டரிலிருந்து பம்பை நோக்கி மட்டுமே போகவேண்டும்.

தண்ணீர்க் குழாயோ மருந்து தெளிப்பானின் குழாயோ இங்கு உதவாது. உறிஞ்சும் பக்கத்தில் மெல்லிய குழாய் சப்பிப்போகும். எண்ணெய் தாங்கும், நூல் அல்லது கம்பி உள்ளே பின்னிய, வெற்றிடத்திற்கென்றே செய்த ஹோஸ் வேண்டும். சைலன்சர் குழாயின் சூட்டில் படாமலும் கூரான தகட்டில் உராயாமலும் அதைக் கொண்டுபோகவேண்டும். ஒவ்வொரு முனையிலும் கிளிப் இறுக்கமாக இருக்கவேண்டும்.

மலைப்பகுதி விவசாயிகளுக்கு

சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் காற்றழுத்தமே 580 மில்லிமீட்டர் அளவில்தான் உள்ளது. சமவெளியில் 650 மில்லிமீட்டர் வெற்றிடம் தரும் பம்பு அங்கே 500 மில்லிமீட்டர் அளவுதான் தரும். அதாவது பூஸ்டரின் உதவி ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது. காரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் நோக்கி இறங்கும் வண்டிக்கு உதவி மிகுதியாகத் தேவைப்படும் இடமும் அதுதான்.

அன்றியும், டீசலை மிச்சப்படுத்த எண்ணி எஞ்சினை நிறுத்திவிட்டு நியூட்ரலில் உருட்டி இறங்குவோர் இன்றும் உள்ளனர். எஞ்சின் நின்றால் அதனால் இயங்கும் வேக்குவம் பம்பும் நிற்கும். பூஸ்டரில் உள்ள இருப்பு இரண்டு மூன்று மிதிப்புக்குத்தான் வரும். அதன்பின் பெடல் கல்லாகிவிடும். ஒரு லிட்டர் டீசலுக்கு உயிரை ஈடு வைக்கலாகாது. ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்குவதுதான் முறை.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

வண்டியைச் சம தரையில் நிறுத்தி, சக்கரத்திற்கு அடை வைத்துக்கொண்டு, கியரை நியூட்ரலில் வைத்து இவற்றைச் செய்து பார்க்கலாம்.

1. எஞ்சினை நிறுத்திவிட்டு, பெடல் கடினமாகும்வரை ஐந்தாறு முறை மிதிக்கவும். காலை எடுக்காமல் எஞ்சினை இயக்கவும். பெடல் சற்றுக் கீழே இறங்கினால் பூஸ்டருக்கு வெற்றிடம் வருகிறது என்று பொருள். இறங்காவிட்டால் பம்பையும் ஹோசையும் வால்வையும் பார்க்கவேண்டும்.

2. எஞ்சினை இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்தவும். பிறகு நிதானமாக மூன்று முறை மிதிக்கவும். முதல் முறை ஆழமாகவும், அடுத்தடுத்து உயரமாகவும் பெடல் நிற்கவேண்டும். முதல் மிதிப்பே கடினமாக இருந்தால் வெற்றிடம் தங்கவில்லை. ஒருவழி வால்விலோ வேறு எங்கேனுமோ கசிவு உள்ளது.

3. எஞ்சின் ஓடும்போது பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டு எஞ்சினை நிறுத்தவும். அரை நிமிடம் வரை பெடலின் உயரம் மாறக்கூடாது. மேலே எழும்பினால் பூஸ்டரின் உள்ளே கசிவு இருக்கலாம். கீழே அமிழ்ந்துகொண்டே போனால் மாஸ்டர் சிலிண்டரையும் பிரேக் குழாய்களையும் பார்க்கவேண்டும்.

பிரேக் ஆயில் அடிக்கடி குறைந்து, வெளியே எங்கும் கசிவு தெரியாவிட்டால், அது மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பூஸ்டருக்குள் இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மிதிக்கும்போது உஸ் என்ற சத்தம் நிற்காமல் கேட்டால் சவ்வு கிழிந்திருக்கலாம். ஆல்டர்னேட்டர் பெல்ட் அறுந்தால் அதனுடன் சேர்ந்த வேக்குவம் பம்பும் நிற்கும். ஆகவே பெல்ட்டை வாரம் ஒருமுறை கையால் அழுத்திப் பார்த்துவிடுங்கள். வெற்றிடம் குறைந்ததும் எரியும் எச்சரிக்கை விளக்கு ஒன்றையும் கண்ணெதிரே பொருத்திக்கொள்ளலாம்.

ஓட்டும்போது பெடல் கடினமானால்

பூஸ்டர் நின்றுவிட்டாலும், எண்ணெய்ப் பிரேக் பழுதில்லாமல் இருந்தால் வண்டி நிற்கும். ஆனால் பல மடங்கு பலமாக மிதிக்க வேண்டும். பதறி விட்டுவிட்டு மிதித்தால் மீதியுள்ள வெற்றிடமும் போய்விடும். காலை எடுக்காமல் முழுப் பலத்துடன் அழுத்திப் பிடியுங்கள். கியரைக் குறையுங்கள். கைப்பிரேக்கையும் படிப்படியாக இழுங்கள். எஞ்சினை நிறுத்தாதீர்கள்.

சட்டமும் உண்டு

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை விருப்பம்போல் மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. எரிபொருள் வகையை மாற்றுவதும் இதில் அடங்கும். எனவே எஞ்சினுக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்து, அனுமதி கிடைத்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். அனுமதியின்றி மாற்றிய வண்டி விபத்துக்குள்ளானால் இன்சூரன்ஸ் தொகை பெறுவதிலும் சிக்கல் வரலாம்.

எஞ்சின் மாற்றும் செலவுடன் ஒப்பிட்டால் நல்ல வேக்குவம் பம்பு, ஹோஸ், வால்வு ஆகியவற்றின் செலவு சிறிதே. வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது, எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். மேற்சொன்ன மூன்று சோதனைகளையும் பட்டறைக்காரர் முன்னிலையிலேயே செய்து பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.