ஓடும் பொருளின் இடம்

ஓட்டப் பந்தயத்தில் இருவர் ஒருசேர எல்லைக் கோட்டை எட்டினால், வென்றவர் யார் என்று கண்ணால் கண்டு சொல்வது அரிது. அதற்காகவே கோட்டிற்கு நேரே கேமராவை வைக்கின்றனர். அது அக்கணத்தைப் பிடித்து வைக்கிறது. நடுவர் பின்னர் ஆற அமர நோக்கித் தீர்ப்புக் கூறுகிறார். ஆலைகளில் இயங்கும் எந்திரங்களுக்கும் இம்முறையே வேண்டியிருக்கிறது.

கணிப்பொறியின் ஆணைப்படி இயங்கும் எந்திரத்தில், மேடையோ கருவியோ நகரும் ஒவ்வொரு திசைக்கோட்டினையும் அச்சு என்பர். அச்சின் நகர்ச்சியை என்கோடர் என்னும் உறுப்பு இடைவிடாது எண்ணி வருகிறது. அந்த எண்ணே மேடையின் இடத்தை உணர்த்துவது. மேடை நிற்கும்போது அதனைப் படிப்பது எளிது. ஓடும்போதோ, "எங்கே?" என்னும் வினாவுடன் "எப்பொழுது?" என்னும் வினாவும் சேர்ந்துவிடுகிறது.

மேடை விநாடிக்கு 100 மில்லிமீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். உணர்கோல் ஒன்று பொருளைத் தொட்டவுடன் மின்குறிப்பு அனுப்புகிறது. கணிப்பொறியின் நிரல் விநாடிக்கு 1,000 முறை அக்குறிப்பு வந்ததா என்று பார்க்கிறது. தொட்ட கணத்திற்கும் பார்த்த கணத்திற்கும் இடையே மேடை 0.1 மில்லிமீட்டர் வரை நகர்ந்துவிடலாம். அஃது ஏறத்தாழ ஒரு தலைமயிரின் பருமன். இப்பிழை என்றும் ஒரே அளவினதாயின் கழித்துவிடலாம். ஆனால் ஒருமுறை மிகுந்தும் மறுமுறை குறைந்தும் வருவதைக் கழிப்பது எங்ஙனம்? இரண்டு அச்சுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தாலோ, கருவி ஒருபோதும் சென்றிராத புள்ளி ஒன்று கணக்கில் தோன்றிவிடும்!

இதற்குப் பரிகாரம், குறிப்பை நிரலிடம் கொடாமல் எண்ணும் மின்சுற்றுக்கே நேராகக் கொடுப்பதாகும். குறிப்பு வந்த அக்கணமே சுற்று எல்லா அச்சுகளின் எண்களையும் தனியே படியெடுத்து வைக்கும். நிரல் தன் முறை வரும்போது அவற்றைப் படித்தால் போதும். விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தாமதித்தாலும், மேடை நகர்வது 0.0001 மில்லிமீட்டரே.

இத்தகைய தொடு உணர்கோலை 1972ஆம் ஆண்டில் டேவிட் மெக்மர்ட்ரி என்னும் பொறியியலாளர் ஆக்கினார். கான்கார்டு விமானத்தின் ஒலிம்பஸ் எஞ்சினுக்குரிய மெல்லிய எரிபொருட் குழாய்களைத் துல்லியமாக அளக்கும் தேவையிலிருந்து அது பிறந்தது. அதன் நுனி தொட்டவுடன் சாய்ந்து குறிப்புத் தரும். பின்னர் வில்லின் விசையால் பழைய நிலைக்கே மீளும். குறிப்பு எழுமுன் நுனி சிறிதே வளைவதுண்டு. அவ்வளைவு ஒரே சீரானது. ஆதலின் விட்டம் தெரிந்த உருண்டை ஒன்றை முதலில் அதே வேகத்தில் தொட்டுப் பார்த்துத் திருத்தம் காண்கின்றனர்.

அளவு நுட்பமாக இருந்தால் மட்டும் போதாது; அஃது எக்கணத்திற்குரியது என்பதும் தெரிதல் வேண்டும். கணம் தவறிய எண் எத்தனை தசம இலக்கங்களைத் தாங்கி நின்றாலும் பொய்யே. அதனை நம்பிக் கடைந்த உறுப்பு தனக்குரிய இடத்தில் பொருந்தாதபோதுதான் அப்பொய் வெளிப்படும்.